ஞானராஜ் சொன்ன ஐந்து மாதம்

கூடத்து மேசையில் கனமான டப்பா ஒன்று ணங்கென்று உட்காரும் சத்தம் கேட்டது. அடுத்து ஜெயம் டீச்சரின் தணிந்த குரல்.

“எத்தினி மாசம், ஞானராஜ்?”

அறைக்குள் இடுப்புப் பெல்ட்டின் வாரை இழுத்துக்கொண்டிருந்த ரோஸ்லினின் கை அப்படியே நின்றது.

“என்னாங்க டீச்சர்?” இது அவள் கணவர்.

“தெரியாத மாதிரி கேக்காதப்பா. வயிறு கெட்டியா முன்னாடி நிக்குது. பூசையில எழுந்தேற்றத்துக்குக்கூட முட்டி போடாம உக்காந்துக்கினு இருக்கா. தண்ணிக் குடத்த நீ தூக்கினு வர்ற. அன்பியத்துல, செபக் கூட்டத்துக்கு வர்ற எல்லாரும் பேசிக்கிறாங்க. விழுப்புரத்துல கட்டிக் குடுத்த உன் பொண்ணுக்கே இப்ப நாலு மாசம். ஆத்தாளுக்கும் பொண்ணுக்கும் ஒரே பந்தல்ல வளைகாப்பு வெச்சிடலாமா?”

நாற்பத்தாறு வயது ரோஸ்லினுக்கு முகம் கொதித்தது.

பதின்மூன்று வயதில், கோயிலில் நடக்கும் உறுதிபூசுதல் சடங்குக்கு வெள்ளைக் கவுன் தைக்க அளவெடுத்த டெய்லர்தான் முதலில் கண்டுபிடித்தார். ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அம்மா டாக்டரிடம் அழைத்துப் போகவில்லை. தாழ்ந்த தோள் பக்கத் துணிக்குள் பஞ்சு வைத்துத் தைத்தாள். அந்தப் பஞ்சோடுதான் ஞானராஜ் அவளைப் பெண் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு உண்மை தெரிந்தும், பெற்ற தாயிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. ஏமாற்றிக் கட்டிவைத்தீர்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொல்லாத அந்தச் சொல்தான் இருபத்து நான்கு வருடமாக அவளைக் குத்திக்கொண்டிருந்தது.

திண்டிவனம் ஜவுளிக்கடை வேலையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்ததில் வலி இடுப்பைக் கவ்விப் பிடித்தது. புதுச்சேரி டாக்டர் இந்தக் கெட்டி பிளாஸ்டிக் பெல்ட்டைச் செய்யச் சொன்னார். “இந்த வயசுல வளைவு நிமிராதும்மா. வலி குறையும். டெய்லி சில மணி நேரம் போடுங்க, உடற்பயிற்சிய விட்டுடாதீங்க.” வலி குறைந்தது நிஜம். சேலைக்குள் மறைத்ததில் வயிறு பெருத்துத் தெரிந்ததும் நிஜம்.

பெல்ட் என்று ஞானராஜ் வாயைத் திறந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். ரோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அஞ்சு மாசங்க டீச்சர்” என்றார் ஞானராஜ்.

டீச்சர் சிரித்தார். “தாத்தா ஆவப்போற நேரத்துல உனக்கு வெக்கமா இல்ல?”

“இருக்குதுங்க.”

அந்த ஒரு வார்த்தையில் ரோஸ்லின் உடைந்து போனாள். தன் கோணல் முதுகை மறைக்க, இந்த மனிதர் இந்த அசிங்கத்தையும் தலையில் சுமக்கிறாரே. முந்தானையால் மூடாமல், இடுப்பைச் சுற்றிய பெல்ட் அப்பட்டமாகத் தெரிய, கூடத்துக்கு வந்து நின்றாள்.

“புள்ளை இல்ல டீச்சர். என் முதுகு கோணல். சின்ன வயசுலேந்து. இவருக்குத் தெரியாமதான் கட்டி வெச்சாங்க.”

இன்றும் ரவிக்கைத் தோளில் வைத்திருந்த பஞ்சை உருவி, டப்பாவின் பக்கத்தில் வைத்தாள். வியர்வையில் பழுத்துப்போன பஞ்சு.

டீச்சர் அதையே பார்த்தார். “அன்பியத்துல மொதல்ல பேச்செடுத்தது நான்தான்” என்றார். பிறகு மெல்ல, “இப்ப அவங்களாண்ட என்னான்னு சொல்றது?”

“உள்ளதச் சொல்லுங்க.”

புள்ளைத்தாய்ச்சிக்கென்று கொண்டுவந்த டப்பாவைத் திரும்ப எடுக்கப் போன டீச்சரின் கை பாதியில் நின்றது.

“கேப்பை மாவு. கஞ்சி காச்சிக் குடி. எலும்புக்கு நல்லது.”

யார் முகத்தையும் பார்க்காமல், செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, ஞானராஜ் கதவைச் சாத்தினார்.