பஞ்சு வைத்த காது

சித்தி முதலில் இடது காதில் பஞ்சை அடைக்கிறார், பிறகு வலது காதில். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளை வாங்கிக்கொள்ள மாடிப்படிக்கு வருகிறார்.

"இந்தச் சந்தைச் சத்தம் மனுஷியை உருப்பட விடாது" என்பார். அப்படிச் சொல்பவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் தேடியபோது, காய்கறிச் சந்தைக்கு நேர் மேலே, ஜன்னல் முழுக்கச் சந்தையே தெரியும் அறையாகப் பார்த்துத்தான் பிடித்தார். பத்தொன்பது வருஷம் கீழே கீரை விற்றவர். முழங்கால் போனதும் மேலே வந்துவிட்டார். முழங்கால் போனவர் ஏன் மாடி ஏறினார் என்று கேட்கும் தைரியம் சந்தையில் யாருக்கும் இல்லை.

அறையில் பதினோரு பிள்ளைகள். தொட்டிலுக்குப் பதில் பழப்பெட்டிகள். துருத்திய ஆணியெல்லாம் பிடுங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்ளே பழைய போர்வை விரித்தவை. பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்த பெயர் இங்கே செல்லாது. அம்மா விற்பது எதுவோ அதுதான் பெயர். முள்ளங்கி, இஞ்சி, வெங்காயம், வெங்காயத்தின் தம்பி. ஒருத்தி பூசணியை விட்டுக் கொத்தமல்லிக்கு மாறியபோது அவள் மகனும் ஒரே நாளில் கொத்தமல்லி ஆனான். பையனின் எடை மட்டும் பூசணியிலேயே நின்றது.

கட்டணமும் அதே வழிதான். அம்மா விற்பதில் அரைக் கிலோவுக்கு அன்று என்ன விலையோ, அது. சரக்கு விலை விழுந்தால் சித்தியின் வரும்படியும் விழும். "அவ கை காஞ்சு கிடக்கும்போது நான் மட்டும் நிமிர்ந்து நின்னா நல்லாவா இருக்கும்?" இதில் இஞ்சிக்காரி ஒருத்திக்குத்தான் மனக்குறை.

"எனக்குப் பிள்ளைங்கன்னாலே ஆகாது" என்றும் சொல்வார். அப்போது இடுப்பில் ஒன்று இருக்கும், காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. பஞ்சையும் மீறி, எந்தப் பெட்டியில் யார் சிணுங்குவது என்பது மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

போன வாரம் பாவக்காய் வந்து சேர்ந்தது. பத்து மாதப் பெண் குழந்தை. அம்மாவுக்குக் கடை புதிது; பட்டியலில் பெயர் கொடுத்து இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த இடம். அதற்கு முன் ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கியவள். குழந்தை முதல் நாள் முழுக்க அழுதது. அம்மா அரைமணிக்கொரு தரம் கடையை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடி வந்தாள். இரண்டாம் நாளும் அதே கதை. சந்தை மேற்பார்வையாளர் வந்து பார்த்த இரண்டு தடவையும் கடையில் ஆள் இல்லை.

"இன்னொரு தடவை காலியா இருந்தா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவேம்மா. ஒம்பது பேர் காத்துக் கிடக்கிறாங்க."

சித்தி ஈறைத் தடவிப் பார்த்தார், புதுப் பல் எதுவும் முளைக்கவில்லை. வயிற்றைத் தட்டிப் பார்த்தார், காற்று இல்லை. மூன்றாம் நாள் காலை, நெஞ்சில் சளியோ என்று சந்தேகம். குழந்தையின் மார்பில் காதை வைத்துக் கேட்பதற்காக இரண்டு பஞ்சையும் உருவினார்.

மார்பில் சளி இல்லை. ஆனால் ஜன்னல் வழியே சந்தை மொத்தமும் காதுக்குள் இறங்கியது. வெங்காயக்காரி கூவினாள், பெட்டிக்குள் வெங்காயம் கண்ணை மூடிக்கொண்டது. இஞ்சிக்காரி யாரையோ திட்டினாள்; இஞ்சி நிம்மதியாக விரல் சப்பியது. எல்லார் அம்மாவும் அறைக்குள்ளேயே இருந்தார்கள். பாவக்காய்க்காரியின் குரல் மட்டும் இல்லை.

அதே நேரம் படியில் அவள் காலடிச் சத்தம். சித்தி மேல்படியில் மறித்து நின்றார்.

"ஏண்டி, நீ கடையில வாயே திறக்கிறதில்லையா?"

"என் குரல் கேட்டா இவ ஏங்கிடுவாளேன்னு... கூவ எனக்குக் கூச்சமாவும் இருக்கு சித்தி."

"குரல் கேக்காம நீ செத்தியா இருக்கியான்னு அவளுக்கு எப்படிடீ தெரியும்? ஓடு! அந்த மேற்பார்வைக்காரன் முட்டைக்கோசுக் கடை வரைக்கும் வந்துட்டான்!"

அவள் ஓடினாள். சித்தி குழந்தையோடு ஜன்னலுக்கு வந்து பாதி உடம்பை வெளியே நீட்டினார். கீழே மேற்பார்வையாளர் வாழைக்காயைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"பாவக்காய்..." என்றது கீழே ஒரு குரல், கோப்பு எங்கே என்று கேட்பது போல.

"கேக்கலை!" பத்தொன்பது வருஷக் கீரைத் தொண்டை. சந்தையே அண்ணாந்து பார்த்தது.

"பாவக்காய்!"

"உன் புள்ளைக்குக் கேக்கலைடீ!"

"பாவக்காயே! பச்சைப் பாவக்காயே! வாங்கம்மா!"

கொத்தமல்லிக்காரி கைதட்டினாள். மேற்பார்வையாளர் கடை முன்னால் நின்றார், ஆளைப் பார்த்தார், குறிப்பேட்டில் எதுவும் எழுதாமல் நகர்ந்தார். சித்தியின் தோளில் அழுகை பாதியில் நின்றது. குழந்தை கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தது. கீழே குரல் நிற்கவில்லை. அதற்குள் யாரிடமோ பேரம் வேறு நடந்துகொண்டிருந்தது. நாலாவது கூவலுக்குத் தலை தோளில் சாய்ந்தது.

பெட்டியில் படுக்க வைத்துவிட்டு, "என்ன சத்தம், என்ன சத்தம்" என்று முணுமுணுத்தபடி சித்தி பஞ்சைத் தேடி எடுத்தார். சுவர்ப் பக்கத்துக் காதில் ஒன்றை அடைத்தார். இன்னொன்றை விரலால் உருட்டினார். பிறகு அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அந்தப் பக்கத்துக் காதைத் திறந்தபடியே விட்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார்.