முதல் சுற்றில் எடுத்த டைட் எண்ட்

தொண்ணூறுகளில் லண்டன் இல்ஃபோர்டில் ஒரு பார்சல் கிடங்கில் என்னோடு வேலைசெய்த அண்ணை அவர். வியர்வையில் திருநீறு கரையக் கரையப் பெட்டி தூக்குவார். கன்டீனில் நாங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்து கற்பனை அணி கட்டுவோம். அவர்கள் உண்மையில் ஆடுவதற்கேற்ப எங்களுக்குப் புள்ளி. டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடுபவன் பந்தையும் பிடிக்க வேண்டும், எதிராளியையும் மோதித் தடுக்க வேண்டும். அடிக்கடி காயப்படுவான் என்று அவனைக் கடைசிச் சுற்றுக்கே விடுவோம். அண்ணை மட்டும் பிறந்த திகதியை வைத்து ராசி கணித்து, முதல் சுற்றிலேயே ஒருவனை எடுத்தார்.

"இவனுக்குச் சனி விலகீட்டுது. ஒண்டும் முறியாது."

முறியவும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் பனியில் சறுக்கி அண்ணையின் கால்தான் முறிந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டேன்: "உங்கட சாதகத்தைப் பார்க்கேல்லையோ அண்ணை?"

"என்னை ஆர் தம்பி முதல் சுற்றில எடுக்கப்போகினம்?"

நான் சிரித்தேன். பகிடிக்குத்தான் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.