சாவி வண்டியிலேயே இருக்கட்டும்

பி.முட்லூர் கூட்டுரோட்டில் ஒரு டீக்கடை இருக்கிறது. எங்கள் வண்டிக்கூட்டம் எங்கே கிளம்பினாலும் முதலில் அங்கேதான் சேரும். கடலூர்ப் பக்கமிருந்து சிலர் வருவார்கள். சிதம்பரம், புவனகிரிப் பக்கமிருந்து நாங்கள் போவோம். ஜீப், ஆம்னி வேன், பழைய டெம்போ என்று எல்லாவற்றுக்குள்ளும் படுக்கை, அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாம் ஏறியிருக்கும். லாட்ஜில் ரூம் போட வக்கில்லாத கூட்டம் என்பாள் என் நாத்தனார். வக்கு இருக்கிறது, ஊர் ஊராகப் போய் வண்டியிலேயே படுத்து எழுந்து வரத்தான் இவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் ஒரு பேர் வைத்திருப்பாள், என்னிடம் சொல்லவில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். டீ குடித்து முடிப்பதற்குள் ஒவ்வொருவரும் தன்னுடைய பயத்தைச் சொல்லிவிட வேண்டும். வெட்கப்படக் கூடாது. பெரிய மீசை வைத்த ஒருவர், "எனக்குப் பாலம்னா ஆவாதுங்க" என்பார். வெள்ளாற்றுப் பாலம் வந்தால் அவருக்கு முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி போகும். இருட்டில் ஓட்டப் பயப்படுகிறவர் பொழுதோடு போய்ச் சேர்ந்துவிடுவார், அவருக்குத் துணையாக இன்னொருவரும் போவார். ஒருவருடைய பயம் வெளியே வந்துவிட்டால் அது கூட்டத்தின் வேலை. கேலி செய்பவருக்கு அன்றைக்குப் பாத்திரம் கழுவுகிற முறை.

என் கணவரின் முறை வந்தால் அவர் டீ கிளாசை உயர்த்தி, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பார். ஒவ்வொரு தடவையும் அதேதான். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பாடம் எடுத்தவர். எந்த வண்டியையும் பிரித்து மாட்டிவிடலாம் என்பதால் உலகத்தில் எதையும் பிரித்து மாட்டிவிடலாம் என்று நினைப்பவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஒரு பழைய ஜீப்பை வாங்கினார், பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் போட்டார், கூரைமேல் மடக்குக் கூடாரம் ஒன்றை மாட்டினார், கடைசியில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

நான் புவனகிரியில் கணக்கு டீச்சர். என் பயம் கடல். எனக்குச் சொல்ல இஷ்டமில்லை. முதல் பயணத்தில் அவர்தான் என்னைக் கேட்காமலேயே, "அவுங்களுக்குக் கடல்னா பயம், சுனாமியில அவுங்க அப்பா போயிட்டாரு" என்று போட்டு உடைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அவர் சொன்னதும் பாதிதான். மீதியை அவரிடமும் நான் சொன்னதில்லை. எங்கள் வீடு கடலூருக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இருந்தது. அப்பா மீன் வாங்கி மொபெட்டில் கொண்டுபோய் விற்பவர். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் தண்ணீர் வந்து போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுப் பக்கம் ஓடினார். பாதி வழியில் நின்றார். மொபெட் கரையிலேயே நின்றது. "நீ மேல போ. வண்டிய எடுத்துட்டு வந்துடுறேன்" என்றார். அப்பா சொன்னால் கேட்கிற பிள்ளை நான். போனேன். வண்டி முதலில் கிடைத்தது. அப்பா அதற்குப் பிறகுதான் கிடைத்தார்.

அதிலிருந்து நான் கடல் பக்கம் போனதில்லை. புவனகிரியில் மாப்பிள்ளை என்றதும் நான் கேட்ட ஒரே கேள்வி, அங்கிருந்து கடல் எவ்வளவு தூரம் என்பதுதான்.

அந்த முதல் பயணம் பரங்கிப்பேட்டைக்கு வடக்கே ஒரு சவுக்குத் தோப்புக்கு. தோப்பைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் அது. நான் ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் கூட்டத்துக்குத் தலைமை மாதிரி இருக்கிற கடலூர் அக்கா இரண்டு தட்டோடு வந்தார். ஆம்னி ஓட்டுகிறவர், தனியாகவே குஜராத் வரைக்கும் போய் வந்தவர். ஒரு தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு மடக்கு நாற்காலியைச் சாலையைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் மீசைக்காரர் தன் நாற்காலியைத் திருப்பினார். அப்புறம் பரங்கிப்பேட்டையிலிருந்து ஜீப்பில் வருகிற பாய். பிறகு எல்லோரும். கடலைப் பார்க்க அத்தனை தூரம் வந்தவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தார்ச்சாலையில் போகிற டவுன் பஸ்ஸைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். நான் இறங்கினேன். அழுகை வந்தது, மிளகாய் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றைக்கு அக்கா இன்னொரு வழக்கத்தையும் சொல்லிக் கொடுத்தார். தங்கும் இடத்தில் எல்லா வண்டியும் மூக்கைச் சாலைப் பக்கம் வைத்துத்தான் நிற்க வேண்டும். சாவியை எடுக்கக் கூடாது, வண்டியிலேயே இருக்க வேண்டும். ஒரு அவசரம் என்றால் யார் வேண்டுமானாலும் எந்த வண்டியையும் எடுக்கலாம்.

"திருட்டுப் போனா?" என்றேன்.

"வண்டிதான போவும். நீ போயிடக் கூடாது பாரு" என்றார் அக்கா.

நான் சொல்ல வந்த நாள் அதற்கு அடுத்த தை மாதத்தில் வந்தது. அதே தோப்பு. முந்தின நாள் பௌர்ணமி. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் வழக்கத்தைவிட மேலே ஏறும் என்பது எனக்குத் தெரியும். குப்பத்தில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிறு மத்தியானம் எல்லோரும் பிச்சாவரத்துக்குப் படகில் போகக் கிளம்பினார்கள். நான் வரவில்லை என்றேன். எனக்குத் துணையாக அவர் இருந்துகொண்டார். அக்கா பாயின் ஜீப்பில் ஏறிக்கொண்டு தன் ஆம்னியை எனக்காக விட்டுப் போனார்.

"சாவி அதுலயே இருக்குது. பயமா இருந்துச்சுன்னா யாரையும் கேக்காத. எடுத்துக்கினு ரோட்டுக்குப் போயிடு" என்றார்.

அவர்கள் போனதும் என் கணவருக்குக் கை பரபரத்தது. இந்தக் கூட்டத்துக்கென்றே ஒரு கிறுக்கு உண்டு. வண்டியை அலையோரம் நிறுத்தி, பின்னால் கடல் தெரியப் போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டும். காய்ந்த மணலில் டயர் புதையும். ஈர மணல் கெட்டியாக, தார் போட்ட மாதிரி இருக்கும். அதனால் இவர்களுக்கு மனப்பாடம், ஈர மணல்தான் ரோடு. ஊரில் யாரும் செய்யாத தப்பை இவர்கள் இப்படித்தான் செய்வார்கள். அந்த மணல் ஏன் ஈரமாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்டுக்கொள்வதில்லை.

"வேணாம் மாமா" என்றேன்.

"அஞ்சு நிமிஷம். டயர்ல காத்தைக் குறைச்சிட்டேன், புதையாது, ஒண்ணும் ஆவாது" என்று டயரைத் தட்டிவிட்டு ஜீப்பைக் கீழே இறக்கினார். போட்டோ எடுத்தார். காற்று நன்றாக இருந்திருக்க வேண்டும். வஞ்சிரக் குழம்பும் வேலை செய்திருக்கும். ஏணி வைத்துக் கூரைக் கூடாரத்துக்குள் ஏறியவர் இறங்கவில்லை. தூங்கிவிட்டார்.

நான் ஆம்னியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே சாலை. ஆனால் உள்ளே தொங்குகிற கண்ணாடியில் கடல் தெரிந்தது. எல்லோரும் நான் கடலைப் பார்க்கவே மாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அந்தக் கூட்டத்தில் கடலை ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பவள் நான் ஒருத்திதான். பின்னால் நிற்கிற ஆளின் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைப் போலப் பார்ப்பேன்.

ஒரு அலை ஜீப்பின் பின்சக்கரத்துக்கு அடியில் புகுந்து திரும்பியது. தற்செயலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்தது வரவில்லை. அதற்கடுத்தது முன்சக்கரத்தையும் தாண்டி வந்தது.

ஹார்ன் அடித்தேன். காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. போன் செய்தேன். அவர் போன் ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே சார்ஜில் கிடக்கும், அது எனக்குத் தெரியும், இருந்தும் செய்தேன். அக்காவுக்குப் போட்டேன். "வர்றோம், கெளம்பிட்டோம்" என்றார். பிச்சாவரத்திலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கு டீச்சருக்குத் தெரியாதா?

சாவி கைக்குப் பக்கத்தில் இருந்தது. எதிரே சாலை. போய்விடலாம் என்று தோன்றியது, அதை மறைக்க விரும்பவில்லை. கை சாவிவரைக்கும் போய்விட்டது. பிறகு நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. மணலில் ஓடிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று போனது. தண்ணீர் காலில் பட்டதும் நான் கத்தினேன். அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேனா, அப்பாவைக் கூப்பிட்டேனா என்று தெரியவில்லை. அந்தச் சத்தத்தில்தான் அவர் எழுந்தார்.

கூடாரத்திலிருந்து குதித்து வண்டிக்குள் உட்கார்ந்து முடுக்கினார். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. ஒவ்வொரு அலையும் திரும்பிப் போகும்போது டயருக்கு அடியிலிருந்து மணலைக் கூட்டிக்கொண்டு போனது. கெட்டியாக இருந்த ரோடு கூழாகிவிட்டது. ஜீப் கடல் பக்கமாகச் சாய்ந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முழங்கால்வரை தண்ணீர்.

"எறங்குங்க மாமா."

"இரு, இன்னொரு தடவ முடுக்கிப் பாக்குறேன்."

"எறங்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னார்: "நீ மேல போ. வண்டிய எடுத்துட்டு வந்துடுறேன்."

இந்த வார்த்தைகளை உலகத்தில் யாருக்கும் நான் சொன்னதில்லை. ஒரு எழுத்து மாறாமல் அவர் வாயிலிருந்து வந்தன. எனக்கு எல்லாம் நின்றுபோனது. அலைச் சத்தம் கேட்கவில்லை. இந்தத் தடவை சொன்ன பேச்சை நான் கேட்கவில்லை. கையை உள்ளே விட்டு என்ஜினை நிறுத்தி, சாவியைப் பிடுங்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினேன். சாவியை வண்டியிலிருந்து எடுக்கக் கூடாது என்பது இந்தக் கூட்டத்தின் முதல் பாடம். அதை உடைத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் பின்னாலேயே வந்தார். கத்திக்கொண்டே வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அவர் அப்படித் திட்டியதில்லை. பைத்தியம் என்றார், மூளை இருக்குதா என்றார், இன்னும் என்னென்னவோ. திட்டத் திட்ட எனக்கு நிம்மதியாக இருந்தது. சத்தம் கிட்டத்தில் கேட்டது, அதாவது ஆள் மேலே ஏறிக்கொண்டிருக்கிறார். சவுக்கு மரத்தடிக்கு வந்ததும்தான் திரும்பிப் பார்த்தேன். ஜீப் கதவுக்குள் தண்ணீர் போய் வந்துகொண்டிருந்தது.

கூட்டம் வந்து சேர்ந்தபோது நான் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து சாவியை முந்தானையில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் தள்ளி நின்றார். பாய் இழுவைப் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பாய், ஒரு ஆளு உள்ள உக்காந்து ஸ்டீரிங் புடிச்சா இழுத்துடலாம். அவகிட்டேர்ந்து சாவிய வாங்குங்க" என்றார் என் கணவர்.

பாய் என் முன்னால் குந்தினார். "டீச்சர், சாவி?"

முடியாது என்று தலையை ஆட்டினேன்.

பாய் எழுந்து பட்டையை மணலில் போட்டார். "தண்ணி எறங்கட்டும் மச்சான். அதுவரைக்கும் யாரும் எறங்க வேணாம்."

வண்டியென்றால் உயிரை விடுகிறவர்கள் அவர்கள். ஒரு ஸ்க்ரூ துருப்பிடித்தால் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசுவார்கள். அன்றைக்கு ஒரு முழு ஜீப் உப்புத் தண்ணீரில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என் காலிலிருந்த மணலைத் தன் துண்டால் துடைத்தார். பொழுது சாயத் தண்ணீர் பின்வாங்கியது. நான் கையைத் திறந்தேன். சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்திருந்தது. அதற்குப் பிறகு எல்லோருமாகத் தோண்டி வண்டியை மேலே இழுத்தார்கள்.

அவர் என்னோடு சரியாகப் பேசச் சில நாளானது. ஒரு சாயங்காலம், பிரித்துப் போட்ட என்ஜினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் போய் அப்பா சொன்ன அந்த ஒரு வரியைச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

வண்டி சரியாகி மறுபடி கிளம்பினோம். பி.முட்லூர், அதே டீக்கடை. மீசைக்காரர் பாலம் என்றார். வழக்கம்போலச் சுற்று வந்தது. என் கணவர் டீ கிளாசை உயர்த்தவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்தார்.

"கடல்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. "சரி, உங்க வண்டி ரோட்ட ஒட்டி நிக்கட்டும். சாவி டீச்சர்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அக்கா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பயம்தான் வந்தது. இந்த மனிதர் பயப்படாதவர் என்கிற தைரியத்தில்தான் நான் இத்தனை வருஷமும் பயந்துகொண்டிருந்தேன். அவரும் பயந்தால் நான் யாரைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன்?

"டீச்சர், உனக்கு?" என்றார் அக்கா.

என் கணவர் இன்னும் கிளாசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான், இத்தனை தடவையும் அவர் சொன்னதும் இப்படித்தானோ என்று எனக்குத் தோன்றியது.