நான் எடுத்த பிரசவ விடுப்பு

செஞ்சிக் கோட்டை மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆரம்பப் பள்ளியில் நாங்கள் இரண்டே பேர். தலைமையாசிரியைக்கு ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. நான் பயிற்சி முடித்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி அது. ஒரே நீளக் கூடத்தில் ஐந்து வகுப்புகள் நடக்கும். முதல் மூன்றை அவர் பார்த்துக்கொள்வார், மற்ற இரண்டும் எனக்கு.

தலைமையாசிரியை தன் ஊரான அனந்தபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கூடத்தைப் பெருக்கி வைத்திருப்பார். பாடம் மட்டுமா? மதியச் சாப்பாட்டுக்கு அரிசி அளந்து கொடுக்க வேண்டும், வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாக அலைய வேண்டும், அம்மை குத்த வருகிறவர்களைக் கண்டு ஓடும் பிள்ளைகளைப் பிடித்து வர வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் இப்படியே ஓட்டியிருந்தார்.

அந்த வருடம் அவர் குரல் கம்மத் தொடங்கியது. சாக்பீஸ் தூள் என்றார். அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டே கத்திப் பாடம் நடத்துவார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் காட்டப் போவதாகச் சொல்லியிருந்த மாதத்தில்தான் எனக்குப் பிரசவ விடுப்பு வந்தது. எழுதிக் கேட்டும் மாற்று ஆள் வரவில்லை.

“ரெண்டு பேரும் லீவு போட்டா இஸ்கூல பூட்டணும். நீ போய் நல்லபடியா பெத்துட்டு வாம்மா. தொண்டதான, ரிட்டையர் ஆயி பாத்துக்கலாம்” என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், நிம்மதியாகக்கூட இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. நான் திரும்பி வந்தபோது பிரம்பால் மேஜையைத் தட்டித்தான் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐந்து வகுப்பையும் இழுத்ததில் குரல் மூச்சுக்காற்றாக மட்டுமே வந்தது.

பிரிவு உபசாரத்தன்று மாலை போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் அவரைப் புகழ்ந்து பேசினார்கள். பதில் சொல்ல எழுந்தவர், வாயைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“மூணாங்கிளாஸ்ல கடைசி பெஞ்சி ரெண்டு பொண்ணுங்க இன்னும் எழுத்து கூட்டியே படிக்குதுங்க. வுட்டுடாத” என்று காதில் சொன்னார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். டீச்சர் உங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்கிறார் என்று நான் சொன்னேன். கை தட்டினார்கள்.

அடுத்த வாரமே அவரைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனேன். புற்று என்றார் டாக்டர். ஆறு மாதம் முன்னால் ஏன் வரவில்லை என்று கேட்டார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்து பஸ் ஏறும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் புரிந்துகொண்டுவிடக் கூடாது என்று நினைத்திருப்பார்.

மூன்று மாதம்தான் இருந்தார். சேதி வந்த காலையில் பள்ளியில் நான் ஒருத்திதான். அவர் இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை. மதியச் சாப்பாடு போட்டு, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பஸ் பிடித்து அனந்தபுரம் போய்ச் சேர்ந்தேன்.

வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் முன்னாலதான் எடுத்துனு போனாங்க” என்றார் அவருடைய அண்ணி.