ஐந்து வீட்டுச் சபை

பத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் குறைவாக உள்ள ஊரில் மாதாந்தர ஆராதனை நடத்த வேண்டியதில்லை. அவ்வூரார் அருகிலுள்ள பெரிய சபைக்குச் சென்று வழிபடலாம். இது எங்கள் சேகரத்தின் விதி. பல ஊர்ச் சபைகளை ஒரே போதகரின் பொறுப்பில் விட்டிருக்கும் வட்டாரத்துக்குச் சேகரம் என்று பெயர். ‘சென்று வழிபடலாம்’ என்று எழுதியவர் உசிலம்பட்டிக்கு மேற்கே பஸ்ஸுக்காக ஒரு நாளும் நின்றதில்லை என்பது என் ஊகம்.

நான் உள்ளாட்சித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் கோப்பில் பிழை பார்ப்பதே பிழைப்பாக இருந்தது. ஓய்வு பெற்ற மறுமாதமே சேகரக் கமிட்டி என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டது. சம்பளம் கேட்காமல் பிழை பார்க்க ஆள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

இந்த விதி ஒரு மல்லிகை விவசாயியைத்தான் நேராகத் தாக்கியது. சர்க்கரை வியாதியில் அவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்கு முன் ஞாயிறுதோறும் டவுன் சபைக்கு சைக்கிளில் போய்வந்தவர். அவர் ஊரிலும் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய கோயில் உண்டு. சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கும். ஆனால் ஊர் ஊராகப் போய் ஜெபம் நடத்தும் எங்கள் ஊழியக் குழு வருடத்துக்கு ஒருமுறை போகும்போதுதான் பூட்டு திறக்கும். மாதம் ஒரு தடவையாவது ஆராதனை வேண்டும் என்று அவர் போன் செய்தார்.

“கால்தான் போச்சு சார், தொண்ட இருக்கு. வீட்டுல பாடுனா மாடு மெரளுது.”

நான் விதியைச் சொன்னேன். பத்துக் குடும்பம் வேண்டும்.

“நாங்க அஞ்சு வீடுதான். சரி, நீங்க வாங்க, பாப்போம்.”

அந்தப் ‘பாப்போம்’ என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

தை முடிந்து வெயில் ஏறுவதற்கு முந்தைய ஒரு சனிக்கிழமை அந்த வருடத்துச் சுற்றுக்குக் கிளம்பினோம். கே.கே. நகரில் நானும் போதகரும் ஏறினோம். கோச்சடையில் பாட்டு நடத்தும் டீச்சரம்மா ஒரு டின் கடலைமிட்டாயோடு ஏறினார். வேன் ஓட்டியவர் பழைய டவுனைச் சேர்ந்த பாய். பல வருடமாக எங்களோடு வருகிறவர். வேனில் நாங்கள் பாடினால் பல்லவி திரும்பும் இடத்தில் தாளம் தப்பாமல் ஹாரன் அடிப்பார்.

எந்த ஊரில் எவ்வளவு நேரம் என்று நான் ஒரு பயணத் திட்டம் தட்டச்சு செய்து ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தேன். முதல் ஊரிலேயே அது காலாவதியானது. இட்லியும் கறிக்குழம்பும் வைத்துவிட்டு, சாப்பிடாமல் ஜெபம் தொடங்க விடமாட்டோம் என்றார்கள். இரண்டாவது ஊரில் பிரியாணி. மூன்றாவது ஊரில் பிரதியைக் கேட்டு வாங்கி, பாய் அதில் கை துடைத்தார்.

“உங்க பேப்பரு நல்ல கனமான பேப்பரு சார்” என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. நாகமலை பின்னால் போயிருந்தது. இரண்டு பக்கமும் தென்னையும் செங்கல் சூளையும் மாறி மாறி வந்தன. வயிறு நிறைந்திருந்தது. பின்சீட்டில் போதகர் வாய் திறந்து தூங்கினார். அலுவல் நிமித்தம் இதே சாலையில் எத்தனையோ தடவை ஜீப்பில் போயிருக்கிறேன். என் வருகைக்காக அன்று எந்த ஊரும் மகிழ்ந்ததில்லை.

பொழுது சாயும்போது மல்லிகைக்காரரின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐந்து வீட்டுக் கோயிலில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் நெற்றி நிறையத் திருநீறு பூசி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆண்கள் கைகூப்பி நின்றார்கள். பெண்கள் தாம்பாளத்தில் தேங்காய் பழம் வைத்திருந்தார்கள். மல்லிகைக்காரர் ஊன்றுகோலை மடியில் வைத்து, நாற்காலியில் மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

முன்னால் நின்ற பெரிய மீசைக்காரரிடம், “நீங்க எந்தக் குடும்பம்?” என்றேன்.

“அடுத்த தெருண்ணே. இவருக்கு ஆளு குறையுதுன்னாக. ஆளுதான, வந்துட்டோம்.”

“சபைப் பதிவுல உங்க பேரு இல்லையே.”

“எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப ஆளு பத்தலன்னு இவருதான் முன்னால வந்து உக்காந்தாரு. அப்ப எங்கள யாரும் பதிவு கேக்கலயே.”

பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

ஆராதனை நடந்தது. போதகர் உட்காரச் சொன்ன இடத்திலெல்லாம் அடுத்த தெரு மரியாதையாக நின்றது. மல்லிகைக்காரர் பாடினார், மாடு மிரண்டது நியாயம்தான் என்று தெரிந்தது. திருவிருந்து அப்பத்தை வாங்கும்போது மட்டும் அவர் சத்தம் நின்றது. அவர் மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஆசீர்வாதம் முடிந்ததும் அடுத்த தெரு வரிசையாக வந்து போதகர்முன் வலது கையை நீட்டியது. கோயில் என்றால் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள் என்பது அவர்கள் வழக்கம். போதகர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த விதி எதிலும் இது இல்லை. டீச்சரம்மா டின்னைத் திறந்தார். போதகர் ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்தார். அவர்கள் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் டீச்சரம்மா ஆரம்பித்தார். “அம்புட்டுப் பேரையும் எழுதிப் போடுங்க. பத்தென்ன, இருபது குடும்பம் வரும்.”

“வராது.”

“உங்க பேனாவுக்குப் பொய் வராதாக்கும்.”

“வரும். பிறகு ஒருத்தர் வந்து எண்ணுவார். அன்னைக்கு அந்த மனுசனுக்கு இருக்குறதும் போயிரும்.”

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பதிவில் ஐந்து குடும்பம். வந்திருந்த மற்றவர்கள் அயலார், அயலாராகவே வந்தவர்கள். ஒருவர் நடக்க இயலாதவர். சிறப்பு நேர்வுகளில் மேல் கமிட்டி விதியைத் தளர்த்தலாம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பிரிவு உண்டு. யாரும் அதுவரை படித்ததாகத் தெரியவில்லை. அதன்கீழ் விலக்கு கேட்டேன்.

பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. ஞாயிறுதோறும் மல்லிகைக்காரர் போன் செய்வார்.

“கடுதாசி வந்துச்சா சார்?”

“வரல.”

“முடியாதுன்னா ஒடனே எழுதிருப்பாக. லேட்டானா நல்லதுதான்.”

நான் ஒரு வாழ்நாள் முழுக்க இருந்த அலுவலகங்களை அவர் வெளியில் இருந்தே புரிந்துவைத்திருந்தார்.

கடைசியில் வந்தது இரண்டு வரி. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, சோதனை முறையில், ஓராண்டுக்கு. உடனே போன் செய்து படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

“மிட்டாய் கொண்டாருவீகளா சார்? அடுத்த தெருவுல இப்பவே கேக்குறாக.”

கொண்டுவருவோம் என்றேன். கடிதத்தின் தலைப்பில் ஜூன் மாதத்துத் தேதி போட்டிருந்தது. ஓராண்டை அதிலிருந்து எண்ணினால் அவருக்கு ஆராதனை குறையும்; அதனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. தணிக்கையில் கைக்கு வந்து சேர்ந்த நாள்தான் செல்லும்; அதைப் பழக்கத்தில் ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன்: ஆடிப் பதினெட்டு.