வலது கிளை போன கதை

அந்த சலூன்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் அரைமணி. மொட்டைத் தலையர் வந்து உட்கார்ந்தாலும் அரைமணி நேரம் கத்தரியை ஆட்டாமல் விடமாட்டார். வாயும் சும்மா இருக்காது. வீட்டுக்குள் நுழைந்ததும் மட்டும் மனுஷன் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார். அங்கே பால்கனியில் மனைவி பதினோரு வருஷமாக வளர்க்கும் போன்சாய் அத்திமரம் இருந்தது. முழ உயரம்தான், தொட்டால் தொலைந்தார்.

அவளுக்கு மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. இனி ரம்பம், கிளை வளைக்கும் கம்பி எதையும் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவரைத் தொடவிட அரைமனதாக இறங்கி வந்தாள். மரத்தில் ஒரே உயரத்தில் இடமும் வலமுமாக இரண்டு கிளைகள். ஒன்று போனால்தான் மரத்துக்கு அழகு.

“முன்பக்கமா நின்னு பாருங்க. இடது கிளையை மட்டும் எடுங்க. வலதை வளைச்சுக் கொண்டுவர எனக்கு ஏழு வருஷமாச்சு.”

“முப்பது வருஷமாத் தலை வெட்டறேன். ஒரு கிளை வெட்டத் தெரியாதா?”

அங்கேதான் சறுக்கினார். ஏற்றி இறக்கும் நாற்காலி வசதியாக இருக்குமே என்று தொட்டியைக் கடைக்குத் தூக்கிப்போனார். ஆளை உட்காரவைப்பது போலவே மரத்தைக் கண்ணாடி பார்க்க வைத்துவிட்டுப் பின்னால் நின்றார். பழக்கதோஷம், கண்ணாடியில் தெரிந்த மரத்தைப் பார்த்தே இடப்பக்கக் கிளையை அறுத்தார். நாற்காலியைத் திருப்பியபோதுதான் போனது வலது கிளை என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மென்று விழுங்கிச் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு நாள் ஒரு வார்த்தை கிடையாது. இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடையிலும் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தார். வந்தவர்கள் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

மூன்றாம் நாள் காலை அவள் பால்கனியில் உட்கார்ந்து இடது கையால் தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். மரத்தின் முதுகு முன்னால் வந்து, மிச்சக் கிளை வலப்பக்கம் ஆனதும் நிறுத்தினாள்.

“இனிமே இதுதான் இதுக்கு முகம். மிச்சமிருக்கற கிளையைக் கம்பி சுத்தி இறக்கணும். நாலஞ்சு வருஷமாகும். கம்பியை எடுங்க.”

“நானா? மறுபடியும் என்னை நம்பியா?”

“என் மரத்தை வெட்டிட்டு ரெண்டு நாள் பட்டினி கிடந்த ஆளு வேற யார் இருக்கா? எடுங்க.”