தலையணை நேரம்

பேருந்துப் பணிமனையில் அவரை ‘அரை மணி’ என்றால்தான் தெரியும். எங்கே போவதானாலும் அரை மணி முன்னாலேயே போய் நின்றுவிடுகிறவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். எந்த வண்டி எப்போது கிளம்பி எப்போது திரும்ப வேண்டும் என்று கால அட்டவணை போடுவது அவர் வேலை. ஒவ்வொரு நடையின் முடிவிலும் கொஞ்சம் நேரத்தை வெறுமனே விட்டுவைப்பார். வழியில் நெரிசலோ மழையோ பிடித்துக்கொண்டால் அந்தத் தாமதம் அடுத்த நடையின் தலையில் விடியக் கூடாது அல்லவா. ஒன்றும் பிடிக்காத நாளில் ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து ஒரு தூக்கம் போடுவார்கள். அதனால் அதற்குத் ‘தலையணை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “அண்ணே, ஏழாம் நம்பருக்குத் தலையணை பத்தல, கழுத்து வலிக்குது” என்று வந்து நிற்பார்கள். அவரும் சிரிக்காமல் ரப்பரை எடுத்து அழித்து, கொஞ்சம் கூட்டிப் போடுவார்.

குளிர் தொடங்குவதற்கு முன்னால் தங்கையின் கணவர் இறந்துபோனார். தங்கை இருப்பது பனி கொட்டுகிற ஊர். நடுவில் ஒரு விமானம் மாறிப் போக வேண்டும். தகவல் வந்ததும் கட்டிய துணியோடு கிளம்பினார். மாறுகிற இடத்தில் மூடுபனி, ஒரு விமானமும் எழும்பவில்லை. அங்கே தங்கை, அண்ணன் வந்துவிடட்டும் என்று அடக்கத்தை நிறுத்திவைத்து, வந்த சனத்தையெல்லாம் குளிரில் நிற்கவைத்து, இனிமேல் முடியாது என்று மற்றவர்கள் சொன்ன பிறகுதான் மனசில்லாமல் விட்டாள். அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“உன்மேல என்ன தப்புண்ணா, பனிதானே” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து அவருக்கு உள்ளே எதுவும் அசையவில்லை. மாப்பிள்ளையும் அவரும் போனிலேயே சதுரங்கம் ஆடி, போனிலேயே சண்டை போட்டு, போனிலேயே ராசியாகிறவர்கள். அழுகை வரும் என்று பார்த்தார், வரவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், வேலைக்குப் போனார். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது; தொட்டால் வேறு யாருடையதையோ தொடுவது போல.

குளிர்காலத்தின் நடுவில் தங்கை கூப்பிட்டாள். வீட்டைக் காலி செய்கிறாளாம். வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை பார்த்திருக்கிறாளாம்.

“சனிக்கிழமை காலைல சாவியக் குடுக்கணும்ணா. வீட்டு ஓனரோட ஆள் வந்து எல்லாத்தையும் பார்த்து வாங்கிப்பான். அந்த நேரம் பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நல்லாருக்கும். முடிஞ்சா வா.”

அவள் இதுவரை அவரிடம் எதையும் கேட்டவள் இல்லை. “வரேன்” என்றார்.

இரண்டு நாள் பயணம்தான். அதற்கு அவர் போட்ட திட்டத்தைப் பார்த்து மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

“சனிக்கிழமை வேலைக்கு ஏன் வியாழக்கிழமையே கிளம்பணும்?”

“வெள்ளிக்கிழமையே அங்க இருந்துடணும். அதுவும் காலைல கிளம்பற முதல் வண்டிலதான் போகணும். சாயங்கால வண்டின்னா அன்னைக்கு பூரா சேர்ந்த லேட்டெல்லாம் அது தலைல வந்து விழும்.”

“வண்டியா! அது ஏரோப்ளேனுங்க.”

“எல்லாம் ஒண்ணுதான். பெட்டியும் கைல கொண்டுபோறது மட்டும்தான். உள்ள போட்டா, அது ஒரு ஊருக்கு நான் ஒரு ஊருக்கு.”

“சரி, மாறற இடத்துல கைக்கு எட்டற மாதிரி ஒரு ஃப்ளைட் இருக்கே. அதை விட்டுட்டு அடுத்ததுல எதுக்குப் போட்டிருக்கீங்க? அவ்வளவு நேரம் அங்க என்ன பண்ணுவீங்க?”

“உக்காந்திருப்பேன்.”

“உக்காரவா இவ்வளவு செலவு? நம்ம சோபாவுல உக்காந்தா டிக்கெட்டு மிச்சம்.”

அவர் தங்கைக்குப் போன் போட்டார். எப்போது வந்து இறங்குவாய் என்று அவள் கேட்டாள். வெள்ளிக்கிழமை காலை என்று டிக்கெட்டில் இருந்தது. “வெள்ளிக்கிழமை ராத்திரி ஆயிடும்மா” என்றார்.

போனை வைத்ததும் மனைவி, “எதுக்குங்க பொய் சொன்னீங்க?” என்றாள்.

“பொய் இல்ல. போன தடவை மாதிரி அவ வாசலயே பார்த்துட்டு நிக்க வேண்டாம். லேட்டானாலும் அவளுக்குத் தெரியாது.”

“லேட்டாகலேன்னா?”

“ஆகாம இருக்குமா?”

ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய கோட்டு தோளில் தொங்க, அவர் ஏறிய விமானங்கள் இரண்டும் சொன்ன நேரத்துக்குக் கிளம்பி, சொன்ன நேரத்துக்கும் கொஞ்சம் முன்னாலேயே இறங்கின. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஓடுபாதையின் ஓரத்தில் ஒதுக்கிய பனிக் குவியல்கள் வெயிலில் மின்னின. வெள்ளிக்கிழமை காலை. கையில் ஒரு முழுப் பகல்.

வெளியே தங்கை வீட்டுப் பக்கம் போகிற பேருந்து நின்றுகொண்டிருந்தது. போனை எடுத்தார், திரும்பவும் பைக்குள் போட்டார். ராத்திரி என்று சொல்லியாயிற்று. இப்போது போய் நின்றால், பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறவளுக்குத் தொந்தரவு. இப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். உண்மை என்னவென்றால், மாப்பிள்ளை இல்லாத அந்த வீட்டுக்குள் முகத்தை எப்படி வைத்துக்கொண்டு நுழைவது என்று அவருக்குத் தெரியவில்லை. போன தடவை தாமதமே ஒரு முகமாக இருந்தது. ஓடிவந்து மூச்சு வாங்குகிறவனை யாரும் அழுகிறானா என்று பார்ப்பதில்லை.

விமான நிலையத்திலேயே ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தார். ஒரு காபி, பிறகு இன்னொன்று. எதிரே பெரிய பலகையில் ஊர்கள் மேலே ஏறி மறைந்தன. மேசை துடைக்கிற பெண் அவரைச் சுற்றிச் சுற்றித் துடைத்துப் பார்த்தாள், எழுகிற வழியைக் காணோம். கோட்டை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து கொஞ்சம் கண்ணயரவும் செய்தார். பொழுது சாய்ந்த பிறகுதான் எழுந்து பேருந்து பிடித்தார்.

தங்கை குடியிருந்த கட்டிடத்தின் கீழ்வாசலில், அஞ்சல் பெட்டிகளுக்குப் பக்கத்தில், இரண்டு பெட்டிகளோடு அவள் நின்றிருந்தாள். படியேறப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“மேல போகாதண்ணா. சாவி குடுத்தாச்சு.”

“நாளைக்குன்னுதானே சொன்ன?”

“அந்த ஆள் மத்தியானம் கூப்பிட்டான். நாளைக்கு வேற வேலை வந்துடுச்சு, இன்னைக்கே முடிச்சிடலாமான்னான். நீ வர ராத்திரி ஆகும்னு சொன்னே. அதுவும் ஃப்ளைட்டை என்னன்னு நம்பறது? உனக்காக இன்னொரு தடவை ஆளுங்கள நிக்கவைக்க எனக்குத் தெம்பு இல்லண்ணா. வாங்கன்னு சொல்லிட்டேன்.” பெட்டியின் பிடியை நிமிர்த்தியபடி, “ரொம்ப லேட்டா உன் ஃப்ளைட்?” என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

“லேட்டே இல்லம்மா. காலைலயே இறங்கிட்டேன்.”

“காலைலயா? எங்க இருந்தே இவ்வளவு நேரம்?”

“ஏர்போர்ட்ல. காபி குடிச்சிட்டு.”

அவள் அவரையே பார்த்தாள். “எனக்கும் தலையணை வெச்சியாக்கும்” என்றாள். கோபம் இல்லை அதில். கோபம் வருவதற்கும் கொஞ்சம் சூடு வேண்டுமே.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நடைபாதையில் பனி இறுகிக் கிடந்தது, சக்கரம் உருளவில்லை. பெரிய பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார். கால்விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியவில்லை. உள்ளேயும் அப்படித்தான்.

நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்த பிறகு, “எப்படி நடந்துச்சு?” என்று கேட்டார்.

“என்ன, ஒவ்வொரு குழாயா திறந்து பார்த்தான். அடுப்பை முகர்ந்து பார்த்தான். நான் பின்னாலயே போனேன், திருடி மாதிரி. படுக்கை ரூம் ஜன்னல் சரியா மூடாது இல்ல? அதைத் தள்ளிப் பார்த்துட்டு, ‘இதை உங்க கணவர் சரி பண்றேன்னு சொல்லியிருந்தாரே’ன்னான்.”

“அவனுக்குத் தெரியாதா?”

“தெரியாது. போனவாட்டி வந்தப்போ இவரோடதான் பேசியிருக்கான்.”

“நீ என்ன சொன்ன?”

“வெளியூர் போயிருக்காரு, மறந்திருப்பாருன்னு சொன்னேன்.” அவள் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். “அது என் வாயில வரமாட்டேங்குதுண்ணா. பக்கத்துல ஆள் இல்லாம சொல்ல வரல. வந்ததும் அவரை ஒரு நடை வந்து சரி பண்ணித் தரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போறான். சரின்னு தலையாட்டிட்டேன்.”

அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடைக்காரன் வாசலில் பனி உருக உப்பு தூவிக்கொண்டிருந்தான்.

“அந்த ஆளோட ஆபீஸ் எங்க?”

“ரெண்டு தெரு தள்ளி. இந்நேரம் பூட்டியிருப்பான்.”

“நாளைக்குத் திறப்பானா?”

“காலைல திறந்துட்டுத்தான் வேற வேலைக்குப் போவான். எதுக்கு?”

“போய்ச் சொல்லிடுவோம். நீ சொல்லு, நான் பக்கத்துல நிக்கறேன்.”

“உனக்கு வருமா? ‘அவர் செத்துட்டார்’னு? நீயும் இதுவரைக்கும் சொன்னதில்லையே.”

அவர் யோசித்துப் பார்த்தார். பணிமனையில் லீவு கேட்டபோதுகூட ‘வீட்ல ஒரு விசேஷம்... விசேஷம் இல்ல, வேற ஒண்ணு...’ என்றுதான் இழுத்திருந்தார்.

“தெரியல. வரலேன்னா நீ சொல்லு. உனக்கு வரலேன்னா நான் பார்க்கறேன்.”

“ரெண்டு பேருக்கும் வரலேன்னா?”

“ஜன்னலைச் சரி பண்ணிக் குடுத்துட்டு வருவோம்.”

தங்கைக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, பாதியில் வேறாக மாறியது; கழுத்துத் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவருக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. பேருந்து வந்ததும் பெரிய பெட்டியை முதலில் ஏற்றி, அவள் ஏறுகிற வரைக்கும் கதவுப் பக்கத்தில் கையைக் கொடுத்தபடி நின்றார்.